ஆள் குறைந்த பக்கம்

யோகராஜாவுக்குத் தெரியாத விடயங்கள் உலகத்தில் இரண்டே இரண்டுதான் என்று அவருடைய மனைவி கலாவதி சொல்வதுண்டு. ஒன்று நீச்சல். மற்றது வாயை மூடிக்கொண்டு இருப்பது. மிச்சமெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தக் கந்தோரில் எந்தப் பெட்டை சிரித்த முகத்தோடு விண்ணப்பம் வாங்குவாள், எந்த டொக்டர் தமிழரோடு பொறுமையாகக் கதைப்பார், பழைய மாணவர் சங்கத் தேர்தலில் யார் வீட்டுக்கு எப்போது போனால் வாக்கு விழும், கேட்டால் உடனே சொல்லுவார். வேலை ஒரு பெரிய சமையற்கூடத்தில். பதவி அந்தச் சங்கத்தில் உப தலைவர். இரண்டில் எது பெரிது என்று அவரிடம் கேட்கத் தேவையில்லை.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் கிருசிகா, ஒன்பது வயதில் ஐஸ் ஹொக்கிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சுவிஸில் பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் பரதத்துக்கும் வயலினுக்கும் போக, யோகராஜா சனிக்கிழமை விடியற்காலையில் வியர்வை நாறும் பெரிய பையைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஐஸ் மண்டபத்துக்குப் போனார். சனம் சிரித்தது. இப்போது கிருசிகாவுக்கு இருபது வயது. அங்கத்தைய ஹொக்கிக் கழகத்தின் பெண்கள் அணியில் ஆடுகிறாள், பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறாள். சிரித்த சனத்துக்கு யோகராஜா இப்போது கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பளத் துண்டை வைத்து விதி விளக்குகிறார்.

“இந்த அப்பளம்தான் பக், மட்டையாலை அடிக்கிற றப்பர் வட்டு, எண்டு வையுங்கோ. நான் நடுக்கோட்டுக்கு இங்காலை நிண்டுகொண்டு, பயத்திலை ஒரே அடியா அதை எதிராளியின்ரை கடைசிக் கோட்டுக்கு அங்காலை அனுப்பினால் அதுக்குப் பேர் ஐசிங். உடனை விசில் ஊதுவினம். திருப்பிக் கொண்டுவந்து என்ரை கோல் வாசலடியிலை வைச்சுத்தான் ஆட்டம் தொடங்கும். ஆனால் ஒரு விசேசம் இருக்கு. என்ரை ஆள் ஒருத்தன் பிழை செய்து வெளியிலை தண்டனைப் பெட்டிக்குள்ளை இருந்தால், எங்கடை பக்கம் ஆள் குறைவுதானே, அப்ப எவ்வளவு தூரம் அனுப்பினாலும் விசில் இல்லை.”

“அப்ப பிழை செய்த பக்கத்துக்குத்தான் வசதியோ?” என்று பக்கத்திலிருந்த சண்முகலிங்கம் கேட்டார்.

“அதைத்தான் என்ரை பிள்ளை மாத்தப் போறாள்.”

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களிலாவது அந்த விலக்கை எடுத்துவிட வேண்டும், ஆள் குறைந்த பக்கத்துக்கும் ஐசிங் ஊத வேண்டும் என்று கிருசிகா கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு பிரேரணை கொடுத்திருந்தாள். கழகம் கை உயர்த்தி ஏற்றுக்கொண்டால் அது பிராந்திய ஹொக்கிச் சங்கத்துக்குப் போகும். அங்கே போய் எடுத்துச் சொல்லப் போகிறவளும் அவள்தான். குளிர்காலம் முழுவதும் வேலை முடிந்து வந்து ஆட்டங்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எங்கே நிறுத்தி எதைக் காட்டுவது என்று குறித்து வைத்தாள். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே வாய்க்குள் பேசிப் பழகினாள். அவ்வளவு ஆசை அவளுக்கு.

கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒருநாள் சொன்னாள்.

“அம்மா, இந்த முறை நீங்களும் வாங்கோ.”

கலாவதி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். சனி, ஞாயிறு என்றால் அவருக்குத்தான் வேலை நேரம் விழும். மகளின் ஆட்டத்தை அவர் பார்த்தது குறைவு, அவள் வா என்று வாய்விட்டுக் கூப்பிட்டது அதைவிடக் குறைவு. அன்றைக்கே கூட வேலை செய்கிறவளிடம் கதைத்து, கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமையை மாற்றி எடுத்துவிட்டார். “நான் அங்கை என்ன செய்ய வேணும் பிள்ளை?” என்று கேட்டார். “ஒண்டும் செய்ய வேண்டாம். வந்து இருந்தால் காணும், அதே போதும்” என்றாள் கிருசிகா.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று யோகராஜாவுக்குத்தான் விளங்கவில்லை.

“வாக்கெடுப்பெண்டால் சும்மா போய் இருந்தால் விழுமோ?” என்றார் மனைவியிடம். “ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேணும். ரெண்டு பணியாரம், ரெண்டு முறுக்கு குடுத்து, பிள்ளைக்குப் பாத்துச் செய்யுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்ல வேணும். சங்கத்திலை நான் எப்பிடி வந்தனான் எண்டு நினைக்கிறீர்?”

“உது சங்கம் இல்லையப்பா. நான் வேலை செய்யிற இடத்திலை ஒரு கிழவி எனக்குச் சொக்கலேட் தந்தாலே போய்ப் பொறுப்பானவவிட்டைச் சொல்ல வேணும். இவை உப்பிடி வாங்கிற ஆக்கள் இல்லை. வேலியாலை போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விடாதேங்கோ.”

“சரி, சரி” என்றார் யோகராஜா. அவர் சரி, சரி என்று இரண்டு தரம் சொன்னால் கேட்கவில்லை என்று அர்த்தம். கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு, கலாவதி வேலையால் வந்ததும், தன் வேலையிடத்தில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், நல்ல மனிசன், கொஞ்சம் பலகாரம் செய்து தாரும் என்று கேட்டார். கலாவதியும் நம்பிப் பயத்தம் பணியாரமும் முறுக்கும் சீனி அரியதரமும் செய்தார். வழக்கத்தைவிட நெய் கூட. பிஸ்கற் வந்த பழைய தகர ரின்களைக் கழுவித் துடைத்து, கடதாசி விரித்து அடுக்கிக் கொடுத்தார்.

யோகராஜா அவற்றைக் காரில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பிரேரணைக்கு எதிரானவர்கள் யார் என்று கிருசிகா வீட்டில் சொல்லி அவருக்குத் தெரியும். ஆனால் அவர்களின் கதவை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. அதில் ஒருவர் வீட்டில் கன்றுக்குட்டி அளவு நாய். ஆகவே தெரிந்த முகங்களிடம் போனார். ஐஸ் மண்டபத்தில் காணும்போது கைகொடுத்துச் சுகம் விசாரிக்கிற ஐந்து வீடுகள். கழகத் தலைவி ஃபிராவ் லூதி (இங்கே திருமதிக்கு ஃபிராவ், திருவுக்கு ஹெர்), வரிக் கந்தோரில் வேலை செய்யும் ஹெர் மோசர், இன்னும் மூன்று பேர்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே வசனம். “இது என் மனைவி கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை, தயவுசெய்து, என் மகளுக்காக.” மனைவி கொடுத்துவிட்டது என்று சொன்னதில் அப்போது கள்ளம் இருக்கவில்லை. பலகாரத்தோடு ஒரு வாசலில் நிற்கும் எங்கள் ஆம்பிளை எவரும் அப்படித்தான் சொல்லுவார். நான் கொண்டுவந்தேன் என்று சொன்னால் நன்றாயிராது. அடுப்படியில் பிறந்ததை அடுப்படிக்காரியின் பேரில் கொடுப்பதுதான் மரியாதை. எல்லோரும் கொஞ்சம் திகைத்து, சிவந்து, நன்றி சொல்லி வாங்கினார்கள். அலுவல் முடிந்தது என்று யோகராஜா வீட்டுக்கு வந்து நன்றாக நித்திரை கொண்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐஸ் மண்டபத்துக்கு மேலே உள்ள சாப்பாட்டு அறையில் கூட்டம். கணக்கறிக்கை, நன்றி, பூச்செண்டு எல்லாம் முடிந்து கிருசிகா முன்னால் வந்தாள். பேர்ன் பேச்சில், அந்த ஊர் வழக்கு ஜெர்மனில், பேசினாள். யோகராஜாவுக்குப் புத்தக ஜெர்மன் நன்றாக வரும், பேர்ன் பேச்சு பாதிதான் பிடிபடும். முதியோர் இல்லத்தில் கிழவன் கிழவிகளோடு நாள் முழுக்க அதிலேயே புழங்கும் கலாவதிக்கு ஒரு சொல்லும் தப்பாது. மெதுவாகக் கணவனின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பிழை விட்டால் ஆள் குறையுது, அதுதான் தண்டனையாம். அதே நேரம் ஐசிங் விதியிலை இருந்து விலக்கும் குடுத்தால், ஒரு கையாலை அடிச்சுப்போட்டு மற்றக் கையாலை இனிப்புக் குடுக்கிறதாம். இப்ப வீடியோ காட்டப் போறாள், பாருங்கோ.”

திரையில் சின்னப் பிள்ளைகள். ஆள் குறைந்த பக்கம் பக் கிடைத்த உடனேயே தலையை நிமிர்த்தாமல் ஓங்கி அடித்து அனுப்புகிறது. அது திரும்பி வருகிறது. திரும்ப அனுப்புகிறது. ஒரு பிள்ளைக்குப் பக்கத்திலேயே அவனுடைய அணிப் பெட்டை தனியாக நிற்கிறாள், அவன் பார்க்கவே இல்லை. கிருசிகா படத்தை அங்கே நிறுத்தினாள். பன்னிரண்டு வயதில் யோசிக்கப் பழக்குகிறோமா, எறியப் பழக்குகிறோமா என்று கேட்டாள்.

ஒரு வயதான பயிற்சியாளர் எழும்பி எதிர்த்தார். ஆள் குறைந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு விட இடம் வேண்டும், களைத்த கால்தான் அடிபடும், பெரியவர்களுக்கு ஒரு விதி, சின்னவர்களுக்கு ஒரு விதி என்றால் வளர்ந்த பிறகு குழம்புவார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அவருக்குப் பின்னால் பல தலைகள் ஆடின. கிருசிகா பதறவில்லை. மூச்சு விட இடம் தேவை என்றால் பக்கை அருகில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம், சுவரோடு அணைத்துப் பிடித்து வைக்கலாம், அதையெல்லாம் தான் பழக்குவதாகச் சொன்னாள். அறை கைதட்டியது. கலாவதி தமிழாக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்கெடுப்பு என்று ஃபிராவ் லூதி சொன்னதும் ஹெர் மோசர் எழும்பினார். கையில் ஒரு பிஸ்கற் ரின்.

“அதற்கு முன் நான் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வாரம் எனக்கு இது வீட்டுக்கு வந்தது. இரண்டு தின்றுவிட்டேன், மிகவும் நன்றாக இருந்தது.” அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “ஆனால் இன்றைய வாக்கெடுப்பைச் சொல்லித் தரப்பட்டது. அதனால் நான் வாக்களிப்பது சரியில்லை. விலகிக்கொள்கிறேன்.”

ரின்னை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கதவடியில் நின்றார். சிரிப்பு நின்றுவிட்டது. பின் வரிசையில் ஒருவர் எழும்பி, தனக்கும் வந்தது என்று சொல்லிக் கதவடிக்குப் போனார். பிறகு ஒரு கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரின்னை வாங்கியது மனைவி, அவர் மட்டும் போனார். பிறகு இன்னொருவர். கடைசியாக ஃபிராவ் லூதியே கழுத்துவரை சிவந்துபோய், தனக்கும்தான், கூட்டத்தைக் கழகத்தின் உப தலைவர் நடத்தட்டும் என்று எழும்பினார். போகிற வழியில் கிருசிகாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்.

“என்ன சொல்லுறா?” என்றார் யோகராஜா.

கலாவதி மேசையில் இருந்த ரின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் கழுவித் துடைத்த ரின். “எப்பிடியும் பிள்ளைக்குத்தான் கை உயர்த்த இருந்தவவாம்” என்று மட்டும் சொன்னார்.

கிருசிகா முன்னால் அப்படியே நின்றாள். கதவடியில் நின்ற ஐந்து பேரும் அவள் பக்கத்து ஆட்கள். “யார் கொடுத்தது?” என்று ஜெர்மனில் கேட்டாள். யாரும் விரல் நீட்டவில்லை. ஆனால் ஐந்து பேரும் யோகராஜாவைப் பார்த்தார்கள், பிறகு நாகரிகமாக நிலத்தைப் பார்த்தார்கள்.

யோகராஜா எழும்பினார். உண்மையைச் சொல்லத்தான் எழும்பினார் என்று அவருக்காகச் சொல்லலாம். ஆனால் இத்தனை முகங்கள், முன்னால் மகள். வாய் தன்பாட்டில் திறந்தது. வேலையிடத்தில்கூட வராத அழகான ஜெர்மன் வந்தது.

“நான் கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும்தான். என் மனைவிதான் செய்து அனுப்பினார். இங்கே இப்படிச் செய்யக் கூடாது என்று அவருக்குத் தெரியாது.”

சொல்லி முடித்துவிட்டு இருந்தார். பக்கத்துக் கதிரையைப் பார்க்கத் துணிவில்லை. அந்தக் கதிரையில் இருந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருக்கும். அது அவருக்குத் தெரியும்.

“அம்மா?” என்றாள் கிருசிகா, அத்தனை பேருக்கும் முன்னால் தமிழில்.

கலாவதி கணவனின் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபமான பார்வையாக இருந்திருந்தால் யோகராஜா தாங்கியிருப்பார். நீங்கள் இன்னும் ஏதோ சொல்ல வேணும், சொல்லுங்கோ என்று காத்திருந்த பார்வை அது. யோகராஜாவோ மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். கலாவதி எழும்பினார். சுத்தமான பேர்ன் பேச்சில், “மன்னித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு எதுவும் தெரியாது. அதை அவளுடைய கணக்கில் வைக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டு இருந்தார்.

வாக்கெடுப்பு நடந்தது. பிரேரணை மூன்று வாக்கால் தோற்றது. கதவடியில் நின்றவர்களைக் கூட்டிப் பார்க்க அந்த அறையில் எவருக்கும் பெரிய கணிதம் தேவைப்படவில்லை.

இடைவேளையில் கிருசிகா நேரே தாயிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் தாழ்ந்திருந்தது.

“ஏனம்மா? நான் உங்களை ஒண்டும் செய்யச் சொல்லேல்லையே. வந்து இருந்தால் காணும் எண்டுதானே கூப்பிட்டனான். அவ்வளவு பேருக்கும் முன்னாலை எனக்கு எவ்வளவு வெக்கமாப் போச்சுத் தெரியுமோ?”

“ஓம் பிள்ளை” என்றார் கலாவதி.

“இனி நீங்கள் இஞ்சை வராதேங்கோ.”

“ஓம் பிள்ளை.” கலாவதி குளிர்ச் சட்டையை எடுத்தார். “நான் பஸ்ஸிலை போறன்” என்றார். அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று தெரியவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

கிருசிகா தாயின் கதிரையில் இருந்து, தகப்பனின் கையைப் பிடித்தாள். “பாவம் அப்பா நீங்கள். உங்களைக் கொண்டு குடுப்பிச்சிருக்கிறா. நீங்களாவது அவவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.”

யோகராஜாவின் வாழ்க்கையில் வெட்கங்கள் இருந்திருக்கின்றன. அகதி முகாமில் பிறர் போட்டுக் கழித்த சப்பாத்தைக் காலில் போட்டிருக்கிறார். வேலையிடத்தில் தன்னிலும் இளையவனிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். அதெல்லாம் மற்றவர்கள் அவருக்குச் செய்தவை, நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? தன் கையைப் பிடித்திருந்த மகளின் கையைப் பார்க்க அவருக்கு அருவருப்பாக இருந்தது, மகள் மீதல்ல, தன் மீது. எடுத்து விடவும் முடியவில்லை. “ம்” என்றார்.

கூட்டம் திரும்பக் கூடியது. இனி வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கழக உப தலைவர் வழக்கம்போலக் கேட்டார். வழக்கமாக அந்த நேரத்தில் உடை மாற்றும் அறையின் துப்பரவைப் பற்றி யாராவது முறைப்பாடு சொல்லுவார்கள். யோகராஜா எழும்பினார். இந்தத் தடவை ஜெர்மன் தடக்கித் தடக்கித்தான் வந்தது.

“என் மனைவி அனுப்பவில்லை. அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். வேலையிடத்துக்கு என்று பொய் சொல்லி வாங்கினேன். வீடு வீடாகப் போனது என் யோசனை. அவர் இன்றைக்குத்தான் அறிந்தார். நான் முதலில் சொன்னது பொய்.”

ஹெர் மோசர் தலையைக் குனிந்துகொண்டார். உப தலைவர், “நன்றி, ஹெர் யோகராஜா. இதைக் கூட்டக் குறிப்பில் எழுதுவதா?” என்று கேட்டார். ஏளனமில்லை, உண்மையாகத்தான் கேட்டார். எழுதுங்கள் என்றார் யோகராஜா.

திரும்பிப் பார்த்தபோது பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. படியில் கிருசிகா ஓடி இறங்கும் சத்தம் கேட்டது.

அவரும் சட்டையை வாரி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வெளியே மழைத் தூறல். பஸ் தரிப்பிடத்தில் கூரைக்குக் கீழே இருவரும் நின்றார்கள். கிருசிகா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கலாவதி அவளுடைய முதுகைத் தடவியபடி, “காணும் பிள்ளை, காணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யோகராஜா கிட்டப் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

“சொல்லிப்போட்டன் கலா. எல்லாருக்கும் முன்னாலை எழும்பிச் சொல்லிப்போட்டன்.”

கலாவதி அவரை நிமிர்ந்து பார்த்தார். “நல்லது” என்றார். “நான் பக்கத்திலை இருக்கேக்கை ஏனப்பா சொல்லேல்லை?”

வாயை மூடத் தெரியாத மனிதருக்கு அப்போது ஒரு சொல்லும் வரவில்லை. பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. கிருசிகா தாயைக் கையில் பிடித்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். யோகராஜா அவர்களுக்குப் பின்னால் ஒரு காலை வாசற்படியில் வைத்தார்.

கிருசிகா திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், அந்நிய ஆள் ஒருவரிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னாள்.

“அப்பா, உங்களிட்டைக் கார் இருக்குத்தானே.”

அவர் காலைக் கீழே எடுத்தார். கதவு மூடியது.